முதல் வாடகை வீடு: எதில் செலவு செய்தேன், எதில் கையைக் கட்டிக்கொண்டேன்

வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கிய வீடு. வாங்கும்போது மோசம் என்று சொல்லிவிட முடியாது. அடுக்ககத்தில் நடு மாடி, இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை, கட்டிக் கால் நூற்றாண்டு தாண்டியிருக்கும். விற்றவர் குடும்பத்தோடு அங்கேயே இருந்தவர். சொந்த வீட்டில் இருப்பவர்கள் வீட்டின் குறைகளோடு ஒரு சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள்: இந்தக் குழாயை முழுசாகத் திறக்கக் கூடாது, அந்த சுவிட்ச் கொஞ்சம் சுடும், பின்பக்கக் குளியலறையில் குளித்து முடித்ததும் மூலையில் தேங்கும் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். குடிவருபவருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. வாடகை கொடுக்கிறார், குழாயைத் திறக்கிறார், தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டில் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்தவை. அழகு, ரசனை எல்லாம் அப்புறம்.

செலவை எதில் அளப்பது

எஸ்டிமேட் கேட்க ஆரம்பித்தால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள், எது பெரிது எது சின்னது என்றே புரியாது. அதனால் ஒரே அளவுகோல் வைத்துக்கொண்டேன். எதுவும் செய்யாமல் அப்படியே விட்டால் வீடு என்ன வாடகைக்குப் போகுமோ, அந்த ஒரு மாத வாடகைதான் அளவு. எல்லாச் செலவும் இத்தனை மாத வாடகை என்றுதான் நோட்டில் ஏறியது.

அதே கட்டடத்தில் சரிசெய்து வைத்திருந்த வீடுகள் சுமார் 20 சதவீதம் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தன. அப்படியானால் வருடத்துக்கு 2.4 மாத வாடகை அதிகம் கிடைக்கும். இந்த எண் கையில் இருந்தால் பல ஆசைகள் தானாக அடங்கிவிடும். சமையலறையை முழுவதும் மாடுலராக மாற்ற வந்த எஸ்டிமேட் 7 மாத வாடகை. அதனால் மட்டும் வாடகை எவ்வளவு கூடும்? தாராளமாக 5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 0.6 மாதம். போட்ட பணம் திரும்ப 12 வருடம் ஆகும், வாடகை வீட்டில் அந்த அலமாரிகள் அத்தனை நாள் தாங்குமா என்பதே சந்தேகம். எஸ்டிமேட்டை மடித்து வைத்துவிட்டேன்.

இதே அளவுகோல் காலி மாதங்களுக்கும் பொருந்தும். வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தால் ஒரு வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 5 சதவீதம் அதிகம் கேட்டு, அதற்காக ஒரு மாதம் காத்திருந்தால், அந்த இழப்பைச் சரிக்கட்டவே 20 மாதம் பிடிக்கும். இரண்டு கான்ட்ராக்டர்களில் ஒருவர் அரை மாத வாடகை குறைவாகச் சொன்னார், ஆனால் வேலை முடிக்க இன்னொருவரைவிட ஒரு மாதம் கூடுதலாகக் கேட்டார். குறைவாகச் சொன்னவர்தான் விலை அதிகம். கடன் வட்டியும் பராமரிப்புக் கட்டணமும் வீடு காலியாக இருக்கும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதைச் சேர்த்தால் இன்னும் அதிகம்.

பிறகு வேலைகளை மூன்று குவியலாகப் பிரித்தேன். ஆளுக்கு ஆபத்து வராமல் காப்பவை, கட்டடம் மேலும் கெடாமல் தடுப்பவை, வாடகையைக் கூட்டுபவை. போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்ற கேள்வியை மூன்றாவது குவியலிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். முதல் இரண்டும் வீட்டின் விலையைச் சேர்ந்தவை, பத்திரம் பதியும் முன்பே எஸ்டிமேட் வாங்கி வைத்திருந்தால் விலை பேசும்போது கையில் ஓர் ஆயுதம். எனக்குப் பிடிக்கும் என்ற நான்காவது குவியலும் இருந்தது, அதற்கு ஒதுக்கீடு பூஜ்யம்.

சுவரில் பூத்த உப்பு

பின்பக்கக் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கியிருந்தது, தொட்டால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. பெயின்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சுரண்டிட்டு, பட்டி வச்சு, டேம்ப் ப்ரூஃப் ரெண்டு கோட் அடிச்சா தெரியவே தெரியாது சார்” என்றார். தெரியாது என்பது உண்மைதான், சில மாதங்களுக்கு. செங்கல்லிலும் கலவையிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு சுவரின் மேற்பரப்புக்கு வருகிறது, தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே படிகமாகி, வளரும்போது பெயின்ட்டையும் பூச்சையும் தள்ளுகிறது. வெளியே வரும் வழியை இறுக்கமான பெயின்ட்டால் அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி வேறிடத்தில் வெளியே வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரைத் தொடுவது வீண்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம், முள் அசையவில்லை, அப்படியானால் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் லைனில் கசிவு இல்லை. ஓதம் பிடித்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தாளின் சுவர்ப் பக்கம் ஈரம் கோத்திருந்தது, அறைப் பக்கம் காய்ந்திருந்தது. அறைப் பக்கம் ஈரமாகியிருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகிவிடும். இங்கே ஈரம் சுவருக்குள்ளிருந்து வந்தது. அப்புறம் ஓதத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் குளியலறையைப் பூட்டி வைத்தோம். ஈரம் கோட்டை விட்டு மெல்ல உள்வாங்கியது. குளிக்கும் தண்ணீர்தான் என்பது உறுதியானது.

மீதியைத் தரையே சொல்லிவிட்டது. ஒரு பக்கெட் தண்ணீரைக் கவிழ்த்தால் அது ட்ராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வெளியேறும் வாயைப் பார்த்துப் போகாமல் நேராகச் சுவர் மூலைக்குப் போய் நின்றது, அங்கே டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரவுட் முழுவதும் அரித்துப் போயிருந்தது. ரசமட்டம் வைத்தால் வாட்டம், அதாவது தரையின் சரிவு, தலைகீழ். குளியலறைத் தரைக்கு 80-க்கு 1 முதல் 100-க்கு 1 வரை வாட்டம் வேண்டும், அதாவது 2 மீட்டர் நீளத்துக்கு 20 முதல் 25 மி.மீ. இறக்கம். அதுவும் ட்ராப்பை நோக்கி.

எனவே தரையை உடைத்தோம். டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள், தடுக்க வேண்டியது அவற்றுக்கு அடியில் இருக்கும் பூச்சு. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக நிரப்பி, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கோட், இரண்டாவது கோட் முதல் கோட்டுக்குக் குறுக்காக. சுவரில் 300 மி.மீ. உயரம் வரை, ஷவர் விழும் பக்கம் ஆள் உயரம் வரை. ட்ராப்பின் கழுத்தைச் சுற்றித்தான் அதிகக் கவனம், முன்பு பூச்சு அங்கே வந்து சேராமலே நின்றிருந்தது.

பூச்சு காய்ந்த பிறகு ட்ராப்பை அடைத்து 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டினோம். மட்டத்தைச் சுவரில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, கீழ்வீட்டுக்காரரிடம் கூரையைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். இந்தச் சோதனைக்குக் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட வேண்டும். டைல்ஸ் ஒட்ட வந்தவருக்குப் பொறுமை இல்லை. “நாளைக்கு வேற சைட் இருக்கு சார், தண்ணிய திறந்து விடுங்க, இன்னிக்கே ஒட்டிடறேன்.” அவசரம் அவருடையது, ஒழுகினால் வரும் செலவு என்னுடையது. தண்ணீர் கட்டிச் சோதித்து முடித்தால்தான் அந்த வேலைக்கான பணத் தவணை என்று எழுதி வைத்திருந்ததால் பேச்சு நீளவில்லை. டைல்ஸ் சின்ன அளவில், சொரசொரப்பாக எடுத்தோம். பெரிய டைல்ஸ் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்காது, வழுக்கவும் செய்யும்.

சுவர் வேறு கதை. கெட்ட பூச்சைச் செங்கல் தெரியும் வரை எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளினோம், கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். நனைந்த சுவர் காய ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்று கட்டட வேலையில் ஒரு பழைய கணக்கு உண்டு. அதைப் பார்த்தால் முழுச் செங்கல் சுவருக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அத்தனை மாதம் வீட்டைக் காலியாக வைப்பது நடக்காத காரியம். அதனால் இந்த வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கி, புதுப் பூச்சின் மேல் பட்டி வைக்காமல், ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சு மட்டும் அடித்து விட்டோம். இந்த ஒரு சுவர் பிறகு மறுபடி பெயின்ட் அடிக்கப்படும், அலமாரியை ஒட்டிப் போட வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தேன். மறைத்து வைத்து மூன்றாம் மாதம் போனில் திட்டு வாங்குவதைவிட இது மேல். வந்தவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுவரைத் திறந்தபோது

எதிர்பாராச் செலவுக்கு மொத்தத்தில் 15 சதவீதம் தனியாக வைத்திருந்தேன். அதில் பெரும்பகுதியைப் பழைய இரும்புக் குழாய் சாப்பிட்டது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மீட்டர் சோதனையிலும் கசிவு இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே துரு சுற்றிலும் கட்டி, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. முன்பிருந்தவர்கள் ஒரே சமயத்தில் இரண்டு குழாய்களைத் திறப்பதில்லை என்று சொன்னதற்கு அதுதான் காரணம். மாற்றுவதா வேண்டாமா என்று அதிகம் யோசிக்கவில்லை, சுவர் ஏற்கெனவே திறந்திருக்கிறது, டைல்ஸ் ஒட்டிய பிறகு இதையே செய்தால் செலவு பல மடங்கு. எல்லாம் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய். குழாய்க்காகச் சுவரில் வெட்டிய காடியை மூடும் முன் பம்ப் வைத்து, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஓர் எல்போவில், குழாய் வளையும் இணைப்பில், இறங்கியது, அங்கேயே மாற்றினார்கள். ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனி வால்வு வைத்தோம், ஒரு குழாய் கெட்டால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை.

காடி எடுப்பதில் ஆட்கள் பொதுவாக அசட்டையாக இருப்பார்கள். கிடையாக ஆழமாக வெட்டினால் சுவர் பலம் இழக்கும். செங்குத்தாக என்றால் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, கிடையாக என்றால் ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் போகக் கூடாது என்கிறது பிரிட்டனின் கட்டட வழிகாட்டி, நானும் அதையே எல்லையாக வைத்தேன். தூணிலும் உத்தரத்திலும் உளி படவே கூடாது.

மின்சாரத்தில் பழைய ஃப்யூஸ் பலகையைத் தூக்கிவிட்டு சுமை கூடினால் துண்டிக்கும் எம்சிபியும், கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டோம். எம்சிபி காப்பது வயரை, ஆளைக் காப்பது ஆர்சிசிபி. உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இல்லை என்றால் எங்கேயோ கசிகிறது, ஒருவேளை ஒருவர் உடம்பு வழியாக, உடனே துண்டித்துவிடும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் அளந்து பார்க்கச் சொன்னேன். அடிக்கடி ட்ரிப் ஆகித் தொல்லை கொடுக்கும், குடியிருப்பவர் போன் செய்துகொண்டே இருப்பார், வேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் ஆலோசனை சொன்னார். ட்ரிப் ஆனால் போன் வரட்டும், அதற்குத்தான் அந்தப் பெட்டி.

2000 வாட் வாட்டர் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அதே லைனில் வாஷிங் மெஷினும் ஓடினால் பழைய மெல்லிய வயர் சூடாகத்தான் செய்யும், அந்தச் சுடும் சுவிட்ச் நினைவிருக்கிறதா, காரணம் இதுதான். சொந்த வீடு என்றால் இரண்டையும் சேர்த்துப் போடாதே என்று சொல்லிவிடலாம், குடியிருப்பவரிடம் அப்படிக் கட்டளை போட முடியாது. ஹீட்டருக்கும் ஏசிக்கும் 4 சதுர மி.மீ. வயரில் தனித்தனி சர்க்யூட், சமையலறைக்கு ஒன்று. சுவர் திறந்திருக்கும்போது பிளக் பாயின்ட் கூடுதலாக வைக்க ஆகும் செலவு சொற்பம். போதாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகிவிடுவார்கள், தீ விபத்துக்கு அதைவிட நேர்வழி கிடையாது.

பூசி மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா பிடித்துப் படம் எடுத்து வைத்தேன், தரையிலிருந்து எத்தனை, மூலையிலிருந்து எத்தனை என்று தெரியும்படி. இந்த வீட்டில் மிக மலிவாகச் செய்த காரியம் இதுதான், அதிகம் பயன்பட்டதும் இதுதான். குடிவந்தவர் சுவரில் டிவி மாட்ட வேண்டும் என்று கேட்டபோது, எங்கே துளை போடலாம் என்று படத்தைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்ல முடிந்தது.

ஆட்களும் பணமும்

மொத்தமாக ஒரு தொகை சொல்பவரைவிட, வேலை வாரியாகப் பிரித்து எழுதித் தருபவரே மேல், தொகை கொஞ்சம் கூடினாலும். பிரித்து எழுதினால்தான் எது சேரவில்லை என்று தெரியும். பழைய குப்பையை அள்ளுவது யார், டைல்ஸ் விலையில் கிரவுட் உண்டா, பட்டி எத்தனை கோட், இதெல்லாம் கேட்டால் “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்று பதில் வரும். அந்தப் பதில் வந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நடுவில் சேரும் வேலைகளுக்கும் அப்படியே, தொகையும் நாளும் எழுதாமல் எதுவும் தொடங்கக் கூடாது. இதோடு இதையும் முடிச்சிடலாமே என்று சேரும் வேலைகள்தான் பட்ஜெட்டைக் கவிழ்க்கும்.

தவணைகளைத் தேதியோடு கட்டாமல் சோதனையோடு கட்டினோம்: குழாய் அழுத்தம் நின்றால் ஒன்று, குளியலறைத் தண்ணீர் நின்றால் ஒன்று, மின்சாரம் அளந்து பார்த்தால் ஒன்று. கடைசி 10 சதவீதம், குடிவந்தவர் ஒரு மாதம் புழங்கிய பிறகு. மேஸ்திரி முகம் சுளித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். அந்த ஒரு மாதத்தில் ஒரு கதவு இழுத்தது, ஒரு பைப் இணைப்பு சொட்டியது, இரண்டுக்கும் கூப்பிட்டவுடன் ஆள் வந்தார். பணம் முழுவதும் போயிருந்தால் வந்திருப்பாரா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பில்களையும் இரண்டாகப் பிரித்து வைப்பது நல்லது. பல நாடுகளில் பழுதுபார்ப்புக்கும் மேம்பாட்டுக்கும் வரிக் கணக்கு வேறு வேறு, இரண்டும் ஒரே பில்லில் கலந்திருந்தால் பிறகு பிரிக்க முடியாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் இது வாடகை வீடு, வேலை நடக்கும் காலத்தில் காலியாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், சொந்தக் குடியிருப்புக்கு எடுத்த பாலிசி இதற்குச் செல்லாமல் போகலாம்.

கண்ணுக்குத் தெரியும் வேலைகள்

தரை பழைய மொசைக். அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒட்டினால் பசையும் சேர்த்துத் தரை 12 முதல் 15 மி.மீ. உயரும், எல்லாக் கதவுகளையும் அடியில் சீவ வேண்டும், குளியலறைக்கும் அறைக்கும் நடுவில் இருக்கும் இறக்கம் குறைந்து தண்ணீர் வெளியே வரும். மொசைக்கில் விரிசல் இல்லை. பாலிஷ் போட்டதோடு விட்டோம், டைல்ஸ் செலவில் சிறு பகுதிதான் ஆனது.

சமையலறையில் கருங்கல் மேடையை அப்படியே வைத்துக்கொண்டு, அலமாரிக் கதவுகளுக்குக் கீல் மட்டும் மாற்றினோம். சிங்க்குக்குக் கீழே இருந்த பலகை மட்டும் தண்ணீரில் ஊறி உப்பிப் போயிருந்தது, அங்கே பிவிசி பலகை. குழாய்கள் செராமிக் கார்ட்ரிட்ஜ் வைத்தவை, சாதாரண மாடல், எந்தக் கடையிலும் உதிரி கிடைப்பவை. அழகான, கிடைக்காத குழாய் வாடகை வீட்டில் தலைவலி.

பெயின்ட் வீடு முழுக்க ஒரே வெளிர் நிறம், நிறத்தின் எண்ணைக் குறித்து வைத்தேன். துடைத்துக் கழுவக்கூடிய பளபளப்பான பெயின்ட்டைத்தான் வாடகை வீட்டுக்குப் பரிந்துரைக்கிறார்கள், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு, பிறகு ஓரிடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் திட்டாகத் தெரியும், முழுச் சுவரையும் அடிக்க வேண்டியிருக்கும். மேட் பெயின்ட் அழுக்காகும், ஆனால் தொட்டு அடித்தால் கலந்துவிடும். அதனால் சமையலறைக்கும் நடைக்கும் பளபளப்பு, படுக்கையறைகளுக்கு மேட். பழைய பெயின்ட்டை எடுக்கும்போது உலர்வாகத் தேய்க்க விடவில்லை. அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-ல்தான், பழைய வீட்டில் அடியில் என்ன அடுக்கு இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும், நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

குடிவந்த பிறகு

மொத்தம் 11 மாத வாடகை ஆனது, காலியாகக் கிடந்த காலம் தனி. அதில் 7 மாதம் தண்ணீர், மின்சாரம், ஓதம் என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வாடகையைக் கூட்டுவதற்கென்று போட்டது 4 மாதம்தான், வாடகை எதிர்பார்த்தபடி 20 சதவீதம் கூடியதால் அது இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

பார்க்க வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது சுவாரசியம். சுவர் நிறத்தை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது குடியிருக்கும் அம்மா வந்ததும் குழாயைத் திறந்தார், ஃப்ளஷ்ஷை அழுத்தினார், சிங்க் அலமாரியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தார், பிளக் பாயின்ட்களை எண்ணினார், அப்புறம்தான் வாடகை பேசினார். பூட்டிக் கிடக்கும் வீட்டில் சாக்கடை வாடை வருவது சகஜம். ட்ராப்பில் வாடையைத் தடுத்து நிற்கும் 50 மி.மீ. தண்ணீர் காய்ந்துவிட்டால் வாடை நேரே வீட்டுக்குள் வரும். ஆட்கள் பார்க்க வரும் முன் ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

சாவி கொடுத்த அன்று அறை அறையாக நடந்து படம் எடுத்து, மீட்டர் எண்ணைக் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட்டோம். மெயின் வால்வு எங்கே, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டன் எங்கே என்று காட்டிக் கொடுத்தேன். அதன்பின் வந்த புகார்கள் சில்லறை: ஃப்ளஷ் டேங்கில் ஒரு வாஷர், ஒரு தாழ்ப்பாள். ஓதச் சுவர் காய்ந்ததும் சொன்னபடி வந்து பெயின்ட் அடித்துக் கொடுத்தேன், உப்பு மறுபடி பூக்கவில்லை.

பெரிய புகார் ஜன்னல்கள்தான், நியாயமானதும்கூட. பழைய மரச் சட்டங்கள், பலத்த மழையில் ஓரத்தில் நீர் துளிர்க்கும். அவற்றை மாற்ற 3 மாத வாடகை ஆகும், ஆட்கள் இருக்கும்போது செய்தால் வீடெல்லாம் தூசி. இப்போதைக்கு வெளிப்பக்க இடுக்குகளுக்கு சீலன்ட் அடித்தாயிற்று. அந்த அம்மாவிடம் கேட்டு ஒரு நாள் போய் எல்லா ஜன்னல்களுக்கும் அளவெடுத்து வைத்திருக்கிறேன். அவர் காலி செய்வதாகச் சொன்ன அன்றே ஆர்டர் கொடுத்துவிட்டால், நோட்டீஸ் காலம் முடிவதற்குள் சட்டங்கள் தயாராகிவிடும், மாட்டும் வேலையும் பெயின்ட்டும் ஒரே காலி மாதத்துக்குள் அடங்கும்.